தோற்கப் படைக்கப்பட்ட வீரன்: உத்தரனைப் பாதியில் நிறுத்துவோர்க்கு ஒரு மறுப்பு

முன்னுரை

வெறும் வாய்ப்பேச்சில் வீரம் காட்டுபவனைக் குறிக்கத் தெலுங்கில் வழங்கும் தொடர் ‘உத்தரகுமார பிரகல்பாலு’ என்பதாகும். உத்தரகுமாரனின் வீம்புரைகள் என்பது இதன் பொருள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இத்தொடரைத் தமிழ் பேசுவோரும் நன்கு அறிவர். மச்ச நாட்டு மன்னன் விராடனின் மகன் ஒருவன் பெயர் இவ்வாறு வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. பாரதக் கதையில் அவன் செய்த பிற செயல்கள் யாவும் அவ்வசையின் நிழலில் மறைந்து போயின.

வழக்குத்தொடர் செய்ததையே ஆய்வாளர் பலரும் செய்துள்ளனர். உத்தரன் நகைப்புக்காக நுழைக்கப்பட்ட துணைப்பாத்திரம், அருச்சுனனின் பெருமையை உயர்த்திக் காட்டப் பயன்படும் ஓர் ஏணி, அவ்வளவே என்பர் ஒருசாரார். கூத்தில் இடம்பெறும் உத்தரன் காட்சிகள் பாமரர் சுவைக்காகப் பெருக்கப்பட்டவை, காப்பியத்தின் மாண்பைக் குலைப்பவை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. இருசாராரும் உத்தரனைப் போர்க்களத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். அவன் அரண்மனைக்குத் திரும்பி வந்ததைக் காண மறுக்கின்றனர். வலிமையற்றவனாகவே திட்டமிட்டுப் படைக்கப்பட்ட இவ்வீரனின் குறைகளும் நிறைகளும் எவை, அவனைப் பாதியில் நிறுத்துவதால் இழக்கப்படுவது யாது என்பவற்றை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்தரன் வாழும் நிலம்

1911ஆம் ஆண்டு வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. எல்லைச் சீரமைப்பின் விளைவாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிருவாக எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் ஓர் எல்லை மாறவில்லை. செஞ்சியை நடுவாகக் கொண்டு வடதமிழகம் முழுதும் பரவிய திரௌபதியம்மன் வழிபாடு இம்மண்ணிலும் வேரூன்றியுள்ளது. புத்தூர், காளத்தி முதலிய ஊர்களில் தருமராசர் கோயில்கள் உள்ளன. பாரத விழாக் காலத்தில் பகலில் கதை சொல்லப்படும். இரவில் நாடகம் ஆடப்படும். அருச்சுனன் தவமும் துரியோதனன் வதையும் தீமிதியும் நிகழும். தமிழகப் பகுதிகளில் தெருக்கூத்து என வழங்குவது இங்கு வீதி நாடகம் எனவும் வழங்குகிறது.

இரு மொழிகளிலும் இக்கதைக்குத் தனித்தனிக் காப்பிய மரபு உண்டு. வில்லிபுத்தூரார் பாரதத்தில் விராட பருவத்து நிரைமீட்சிச் சருக்கம் உத்தரனின் களமாகும். தெலுங்கில் நன்னயர் விட்ட பாரதத்தைத் தொடர்ந்த திக்கனர், தம் பணியை விராட பருவத்திலிருந்தே தொடங்கினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1963ஆம் ஆண்டு கமலாகர காமேசுவர ராவ் இயக்கத்தில் வெளிவந்த ‘நர்த்தனசாலா’ திரைப்படத்தில் என்.டி.ராமராவ் பிருகந்நளையாக வர, நகைச்சுவை நடிகர் ரேலங்கி உத்தரகுமாரனாக நடித்தார். அப்பாத்திரத்தைப் பற்றிய பொதுமக்கள் மனப்படிமம் எத்திசையில் அமைந்திருந்தது என்பதை நடிகர் தெரிவே உணர்த்தும்.

விராட பருவத்திற்கு இந்நிலத்தில் வேறொரு சிறப்பும் உண்டு. மழை பொய்க்கும் காலங்களில் விராட பருவம் படிப்பது தமிழ், தெலுங்கு, கன்னட நாடுகள் மூன்றிலும் அறியப்பட்ட வழக்கமாகும். தருமன் மறைந்து வாழும் நாட்டில் மழை பருவந்தவறாது பெய்யும், ஆனிரை பெருகும் என்று வீடுமன் கூறுவது அப்பருவத்தில்தான். வறட்சிக்குப் பேர்போன சித்தூர்ப் பகுதி உழவர்க்கு இது வெறும் கதையன்று. மழையை வேண்டிப் படிக்கப்படும் பருவத்தின் நடுவே ஒரு கோழை இளவரசன் ஏன் இத்துணை விரிவாக நிறுத்தப்பட்டுள்ளான் என்னும் வினாவை எழுப்பாத ஆய்வு, உத்தரனை ஆராய்ந்ததாகாது.

குறைபாடு பிழையன்று, படைப்பே

வியாசரின் மூலத்தைக் கூர்ந்து நோக்கின் உத்தரனின் வலிமையின்மை தற்செயலாக அமைந்ததன்று என்பது புலனாகும். திரிகர்த்தர் தலைவன் சுசர்மன் ஒருபுறம் ஆனிரை கவர, விராடன் தன் படையோடும் மாறுவேடத்திலுள்ள நான்கு பாண்டவரோடும் அங்குச் சென்றுவிடுகிறான். மறுபுறம் கௌரவர் அறுபதினாயிரம் பசுக்களைக் கவர்கின்றனர். தலைநகரில் எஞ்சியிருப்போர் மகளிரும் உத்தரனும் பேடி வடிவில் இருக்கும் அருச்சுனனுமே. வலிமையுள்ளோர் அனைவரையும் ஒரே நாளில் வேறு திசைக்கு அனுப்பிவிட்டு, வலிமையற்ற ஒருவனை மட்டும் அரியணைக்கருகில் விட்டுவைத்தவர் கதையாசிரியரே. இது திட்டமிட்ட ஏற்பாடு.

வலிமையற்றவனைத் திட்டமிட்டே படைக்கும் இம்முறை உலகின் பிற கலைகளிலும் காணப்படுவதே. அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றைச் சுட்டலாம். இளைஞர் கணினித் திரையில் ஆடும் சண்டை விளையாட்டுகளில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் வலிமை வகுக்கப்பட்டிருக்கும். சப்பானிய நிறுவனமான கேப்காம் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா’ என்னும் விளையாட்டில் டான் இபிக்கி என்றொரு வீரன் அறிமுகமானான். போட்டி நிறுவனமான எஸ்.என்.கே. வெளியிட்ட ‘ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்’ விளையாட்டின் நாயகரைப் பகடி செய்யவே அவன் படைக்கப்பட்டான். பிற வீரர் எறியும் ஆற்றல் உருண்டை திரையின் மறுகோடி வரை பாயும். டான் எறிவது கைக்கெட்டும் தொலைவிலேயே கரைந்துவிடும். தன் சண்டை முறைக்கு அவன் இட்ட பெயருக்கோ ‘எல்லாவற்றினும் வலியது’ என்று பொருள். எதிரியை அடிப்பதை விட்டு எதிரியை இகழ்ந்து கூத்தாடுவது அவன் வழக்கம். அவ்வாறு கூத்தாடும்போது அடி வாங்குபவனும் அவனே. ஆயினும் ஆடுவோர் அவனை வெறுக்கவில்லை. வல்லவன் ஒருவன் டானைக் கையிலெடுத்து வென்றால் அவ்வெற்றி முழுதும் ஆடியவனின் திறத்தால் வந்தது என்பதில் எவர்க்கும் ஐயமிராது. பாத்திரத்தின் வலிமையின்மையே அங்கு அளவுகோலாகிறது.

இவ்வொப்புமை உத்தரனைச் சிறுமைப்படுத்துவதன்று. குறைபாட்டைப் படைப்பாளியின் கவனக்குறைவு என்று கருதுவோர் முதலில் கைவிட வேண்டிய கருத்து யாது என்பதை இது காட்டுகிறது. குறையோடு படைக்கப்பட்ட பாத்திரத்தை அக்குறை செய்யும் வேலையைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

உத்தரனின் குறைகள்

உத்தரனைப் போற்றப் புகுவோர் அவன் குறைகளை மறைத்தல் ஆகாது. அவன் இளைஞன், போர் காணாதவன் என்று கூறி அவனுக்கு மன்னிப்புத் தேடுவது ஆய்வு நேர்மையன்று. குறைகளை வரிசைப்படுத்திக் காண்பதே முறை.

முதலாவது குறை வீம்பு. ஆயர் தலைவன் வந்து முறையிட்டபோது மகளிர் நடுவில் அமர்ந்திருந்த உத்தரன், நல்ல தேர்ப்பாகன் ஒருவன் கிடைத்தால் கௌரவரை ஒருங்கே வென்றுவிடுவேன் என்கிறான். முன்னைய நெடும்போர் ஒன்றில் தன் பாகன் மடிந்துவிட்டான் என்றும் கூறுகிறான். இல்லாத ஒன்றைச் சொல்லித் தப்பிக்கும் சூழ்ச்சி இது. ஆனால் சைரந்திரி வடிவிலுள்ள திரௌபதி பிருகந்நளையைச் சுட்டியதும் அச்சூழ்ச்சி அவனுக்கே பொறியாகிறது.

இரண்டாவது குறை அச்சம். கௌரவர் படையைக் கண்டவுடன் மயிர் சிலிர்க்கிறது. பசுக்கள் போகட்டும், பெண்கள் நகைக்கட்டும் என்று தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். காக்க வேண்டிய குடிகளின் செல்வத்தைக் கைவிடும் இளவரசன் என்னும் பழி இங்கு அவன்மேல் முழுதும் பொருந்தும்.

மூன்றாவது குறை விலைபேசுதல். துரத்திப் பிடித்த பிருகந்நளையிடம் பொன்னும் மணியும் தேரும் யானையும் தருவதாகக் கூறி விடுதலை கேட்கிறான். அரச குடிப்பிறந்தோன் தன் அச்சத்திற்கு நாட்டின் செல்வத்தை விலையாக வைக்கிறான்.

இம்மூன்றும் சிறு குறைகள் அல்ல. வழக்குத்தொடர் நினைவில் வைத்திருப்பது இவற்றில் முதலாவதை மட்டுமே என்பதும் கருதத்தக்கது. வீம்பை எள்ளிய மக்கள் வழக்கு, அதனினும் கொடிய பின்னிரு குறைகளைக் குறிக்காது விட்டது. குறையைக் கூறுவதிலும் அது அரைகுறையே.

கொடுக்கப்பட்ட வெற்றியும் மறுத்த வாயும்

உத்தரனின் நிறைகள் ஓடியவன் பிடிபட்ட கணத்திலிருந்து தொடங்குகின்றன. வன்னி மரத்தில் பிணம்போல் கட்டி வைக்கப்பட்ட படைக்கலங்களை எடுக்க அஞ்சி அஞ்சி ஏறுகிறான், ஆயினும் ஏறுகிறான். பிருகந்நளை தன்னை அருச்சுனன் என்று வெளிப்படுத்தும்போது அதனை உடனே நம்பிவிடாமல் அருச்சுனனின் பத்துப் பெயர்களையும் அவற்றின் காரணங்களையும் கேட்கிறான். அச்சத்தின் நடுவிலும் சான்று கேட்கும் அறிவு அவனுக்கு இருந்தது. அவன் கேளாவிடின் அப்பெயர் விளக்கங்களை அவைக்குச் சொல்லக் கதைக்கு வேறு வாயில் ஏது? வல்லவன் ஒருவன் அருகில் இருந்திருப்பின் அவன் இதனைக் கேட்டிருக்க மாட்டான். அறியாமையை ஒளிக்காதவனுக்கே அவ்வினா உரியது.

அடுத்து அவன் தேர்ப்பாகனாகிறான். சங்கொலி கேட்டுத் தேர்த்தட்டில் துவண்டு விழுகிறான். போரின் நடுவே இனிக் குதிரைகளை நடத்த இயலாது, உள்ளம் மயங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறான். எனினும் கடிவாளத்தை விட்டு ஓடவில்லை. முதலில் ஓடியவனும் இப்போது நடுங்கியபடி தேரில் நிற்பவனும் ஒருவனே. அச்சம் நீங்கியதால் அவன் நின்றான் என்று மூலம் கூறவில்லை. அச்சத்தோடேயே நின்றான் என்றே கூறுகிறது. பிற்காலத்துக் கர்ணனுக்குத் தேரோட்டிய சல்லியன் பெருவீரன். ஆனால் தன் வீரனின் ஊக்கத்தைச் சொல்லாலேயே சிதைத்தவன். உத்தரனோ கோழை, ஆனால் தன் வீரனைக் கெடுக்காத பாகன்.

இவ்விரண்டினும் மேலான நிறை அரண்மனையில் வெளிப்படுகிறது. போர் முடிந்தபின் அருச்சுனன் உத்தரனிடம், வெற்றி உன்னுடையது என்றே நகரில் சொல் என்று பணிக்கிறான். தூதர் முன்னரே சென்று இளவரசன் வென்றான் என அறிவித்தும் விடுகின்றனர். நகர் அணிசெய்யப்படுகிறது. மகிழ்ச்சி மீதூர்ந்த விராடன் கங்கன் வடிவிலுள்ள தருமனோடு சூதாட அமர்கிறான். பிருகந்நளை துணைநிற்க எவன்தான் வெல்லமாட்டான் என்று கங்கன் மீண்டும் மீண்டும் சொல்ல, சினந்த விராடன் கவற்றை அவன் முகத்தில் எறிகிறான். குருதி வழிகிறது. அதனைத் தரையில் சிந்தவிடாது திரௌபதி கலத்தில் ஏந்துகிறாள். மகனைப் பற்றிய ஒரு பொய்ப்புகழுக்காக உண்மை சொன்னவன் முகத்தில் குருதி ஒழுகும் அவைக்குள்தான் உத்தரன் நுழைகிறான்.

அவன் செய்தது யாது? குருதியைக் கண்டு, இதனைச் செய்தவர் யார் என்று கேட்டுத் தந்தையை மன்னிப்புக் கேட்கச் செய்கிறான். பின்னர், பசுக்களை மீட்டவன் தான் அல்லன், பகைவரை வென்றவனும் தான் அல்லன், அஞ்சி ஓடிய தன்னைத் தடுத்து நிறுத்திய ஒரு தேவமகனே அனைத்தையும் செய்தான் என்று அவையறியக் கூறுகிறான். அத்தேவமகன் மறைந்தான், விரைவில் வெளிப்படுவான் என்று சொல்லி, பாண்டவர் மறைவாழ்வை வெளியிடாமலும் காக்கிறான். அருச்சுனன் இந்திரன் மகன் ஆதலின் தேவமகன் என்னும் அச்சொல்லும் பொய்யன்று. மகளிர் நடுவே வீம்பு பேசிய அதே வாய், நகரே தன்னை வாழ்த்தி நிற்கும்போது ‘ஓடினேன்’ என்று சொல்கிறது. விராட பருவத்தில் இதனினும் துணிவான பேச்சு வேறில்லை.

இதன் அருமையை ஒப்பீடு தெளிவாக்கும். மேற்சுட்டிய டான் தன் தந்தையைக் கொன்ற சாகட் என்னும் பெருவீரனைப் பழிவாங்கப் புறப்பட்டவன். சாகட் அவன்மீது கொண்ட இரக்கத்தால் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தான் என்று அவ்விளையாட்டுத் தொடரின் கதை கூறுகிறது. டானோ அவ்வெற்றியைத் தன் திறமென்றே கொண்டாடுகிறான். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ நாடகத்து முதற்பகுதியில் ஃபால்ஸ்டாஃப் களத்தில் செத்தவன்போல் கிடந்து, இளவரசன் கொன்ற ஹாட்ஸ்பரின் பிணத்தைச் சுமந்து வந்து தானே கொன்றதாகச் சாதிக்கிறான். உண்மையறிந்த இளவரசனும் அப்பொய்யை நிற்க விடுகிறான். மூவரும் வீம்பர். மூவர்க்கும் பிறர் வெற்றி கையில் கொடுக்கப்படுகிறது. இருவர் அதனை வைத்துக்கொண்டனர்; உத்தரன் ஒருவனே திருப்பிக் கொடுத்தான். இம்மூவரையும் ஒரே நகைப்புப் பாத்திர வகைக்குள் அடைத்து எழுதுவோர் இவ்வேறுபாட்டிற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

உத்தரன் வெறும் ஏணி என்பாரின் கூற்று இங்குத்தான் வீழ்கிறது. அருச்சுனனின் பெருமை மட்டுமே நோக்கமாயின் போர்க்களக் காட்சியோடு உத்தரனின் பணி முடிந்தது. ஏணிக்கு மனச்சான்று தேவையில்லை. அவைக்காட்சியில் அருச்சுனனின் வலிமை வேறு எவ்வகையிலும் கூடவில்லை. கூடுவது உத்தரனின் தகுதியே. அதன்பின் பாரதப் போரின் முதல் நாளில் யானைமேல் ஏறிச் சல்லியனை எதிர்த்துச் சென்று, அவன் தேர்க்குதிரைகளை வீழ்த்தி, அவன் எறிந்த வேலால் மடிகிறான். அன்று அவனைக் கண்டு எவரும் நகைக்கவில்லை.

நகை இழிவா?

இனி, உத்தரன் காட்சிகள் கொச்சை என்னும் குற்றச்சாட்டைக் காண்போம். தமிழ் மரபில் நகை இழிந்த சுவையன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் கூறினார். உத்தரன் காட்சியில் நான்கும் ஒருங்கே அமைந்துள்ளன. மகளிரின் எள்ளலும், அவனது இளமையும், தன் வலியறியாத பேதைமையும், சொன்னதை அப்படியே பற்றிக்கொண்டு களம் புகும் மடனும் ஒரே நிகழ்வில் பின்னிக் கிடக்கின்றன. இலக்கணத்தில் முதலிடம் பெற்ற மெய்ப்பாட்டைக் கூத்து மேடையில் கண்டவுடன் கொச்சை என்பது இலக்கணத்திற்கு ஒரு நீதி, மேடைக்கு ஒரு நீதி என்பதாகும்.

ஆனிரை மீட்டல் இந்நிலத்தின் பழம்பொருளும் ஆகும். வெட்சியும் கரந்தையும் சங்கப் பாடல்களோடு முடிந்தவை அல்ல. செங்கம் வட்டார நடுகற்களில் ஆனிரைப் பூசலில் மாண்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சித்தூர்ப் பகுதியிலும் வாணர், நுளம்பர் கால வீரக்கற்கள் நிற்கின்றன. கல் பெற்றவர் மாண்ட வீரர். அஞ்சியவர்க்குக் கல் இல்லை. ஆயினும் எப்பூசலிலும் அஞ்சியவரே மிகுதியாக இருந்திருப்பர். கல்லில் இடம்பெறாத அவ்வச்சத்திற்கு மேடையில் இடங்கொடுத்தது கூத்து. பார்ப்பவர் உத்தரனைக் கண்டு நகைக்கும்போது தம்முள் இருக்கும் உத்தரனையும் அடையாளம் காண்கின்றனர்.

இந்நகையில் ஏற்கத்தகாத கூறு ஒன்றுண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பேடி வடிவை எள்ளுவதும், அஞ்சுவது பெண்மைக்குரியது என்று கொள்வதும் இக்காட்சியோடு கலந்துள்ளன. பிருகந்நளை கவசத்தைத் தலைகீழாக அணிந்து மகளிரை நகைக்க வைக்கும் இடம் மூலத்திலேயே உள்ளது. ஆனால் காட்சியை முழுமையாகக் காண்போர்க்கு அந்நகை திரும்பி வந்து தாக்குகிறது. ஆண்மகன் எனப்பட்டவன் ஓடுகிறான்; பேடி என எள்ளப்பட்டவர், பின்னல் அவிழ, ஆடை பறக்க ஓடிச்சென்று அவனைப் பற்றி இழுத்து வருகிறார். தொலைவிலிருந்து காணும் கௌரவ வீரர் சிலர் நகைக்கின்றனர். அந்நடையில் அருச்சுனன் சாயலைக் கண்ட வேறு சிலரோ ஐயுறுகின்றனர். உருவத்தைக் கண்டு நகைத்தவர் பின்னர்ப் போரில் தோற்று மயங்கிக் கிடக்க, அவர்தம் மேலாடைகளை உத்தரனே கழற்றி வருகிறான். காட்சியைப் பாதியில் நிறுத்தினால் எஞ்சுவது எள்ளல். முழுதும் நிகழ்த்தினால் எள்ளியவர்க்குக் கிடைக்கும் பாடம்.

நேரக் குறைப்பும் நிறைவுக் காட்சியும்

இவ்வாதம் ஏட்டளவில் நிற்பதன்று. விடிய விடிய நிகழ்ந்த பாரத நாடகம் இன்று காலத்தோடு போராடுகிறது. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளை அவை விலக்குகின்றன. விழாக்களுக்கு மாநில அரசு அளிக்கக்கூடிய தளர்வும் நள்ளிரவு வரையே. அதுவும் ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள்களுக்கு மேற்படலாகாது. பாரத விழாவோ பதினெட்டு நாள் போரின் கணக்கில் எண்ணப்படுவது. நோயாளர், மாணவர் நலங்கருதிய இவ்விதிகளின் தேவையை மறுப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயின் நேரம் சுருங்கும்போது எதனை வைப்பது, எதனை விடுவது என்னும் தேர்வு நிகழ்த்துவோர்மீது விழுகிறது.

அத்தேர்வில் ஆய்வாளரின் சொல்லுக்கும் பங்குண்டு. ‘நகைப்புக் காட்சி’ என்று பெயரிட்டுவிட்டால் அதனை நீக்குவது எளிதாகிறது. அல்லது நகைப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவைக்காட்சியை விட்டுவிடுவது எளிதாகிறது. இரண்டாவதே பெருந்தீங்கு. முழுதும் நீக்கப்பட்ட பாத்திரத்தைப் பிறர் மீட்கக்கூடும்; பாதியில் நிறுத்தப்பட்ட பாத்திரம் பொய்யுருவம் பெற்றுவிடும். ஓடும் உத்தரனை மட்டும் கண்டு வளரும் தலைமுறைக்கு, ஓடினேன் என்று ஒப்புக்கொள்ளும் உத்தரன் இருந்தான் என்பதே தெரியாமல் போகும். நேரமில்லையெனில் வீம்புரையைச் சுருக்கலாம், ஓட்டத்தையும் சுருக்கலாம். விராடன் அவையில் அவன் கூறும் சொற்களைச் சுருக்கலாகாது.

இதற்கு ஆய்வுலகம் ஆற்ற வேண்டிய பணி தெளிவு. திருப்பதியில் 1954ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திருவேங்கடவன் பல்கலைக்கழகமும், குப்பத்தில் 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும் இவ்விருமொழி நிலத்திலேயே அமைந்துள்ளன. ஒரே ஊரின் தமிழ் நிகழ்த்தலையும் தெலுங்கு நிகழ்த்தலையும் அருகருகே வைத்து, உத்தரன் எங்குத் தொடங்குகிறான், எங்கு நிறுத்தப்படுகிறான் என்பதைப் பதிவுசெய்தல் வேண்டும். வில்லியையும் திக்கனரையும் ஏட்டில் ஒப்பிடுவதோடு ஒப்பிலக்கியம் நிறைவுறுவதில்லை. மேடையில் எஞ்சியிருப்பதையும் மேடையிலிருந்து மறைவதையும் எழுதி வைத்தலே இன்று முந்தி நிற்கும் கடமையாகும்.

முடிவுரை

உத்தரன் வலிமையற்றவனாகவே படைக்கப்பட்டவன். வீம்பு, அச்சம், விலைபேசுதல் ஆகிய குறைகள் அவனுக்கு உண்டு. அவற்றை மறைத்துப் போற்றுதல் வேண்டா. அறியாததைக் கேட்டல், அஞ்சியபடியே கடமையில் நிற்றல், தனதல்லாத வெற்றியைத் தனதெனக் கொள்ளாமை ஆகிய நிறைகளும் அவனுக்கு உண்டு; அவற்றை மறந்து இகழ்தலும் வேண்டா. குறைகள் யாவும் கதையின் முற்பாதியிலும் நிறைகள் பிற்பாதியிலும் அமைந்துள்ளமையால், அவனைப் பாதியில் நிறுத்தும் எவரும் அவனைப் பற்றிப் பொய்யே கூறுகின்றனர். வழக்குத்தொடர் அவ்வாறு நிறுத்தியது. அது மக்கள் நாவின் சுருக்கம் என்று விட்டுவிடலாம். ஆய்வு அவ்வாறு நிறுத்துவதற்கு அத்தகைய சமாதானம் இல்லை.

பிறர் வென்றதைத் தாம் வென்றதாகக் கூறுவோர்க்கு எக்காலத்தும் பஞ்சமில்லை. அத்தகையோரை உத்தரகுமாரர் என்று வசைபாடுவது உத்தரனுக்கு இழைக்கப்படும் அநீதியாகும். ஏனெனில் அதைச் செய்ய மறுத்தவன்தான் அவன்.